தொட்டியில் பூச்செடி: சிறு விவசாயிக்கு ஒரு துணை வருவாய்

நெல்லையும் கடலையையும் கரும்பையும் செழிப்பாக விளைவிக்கும் விவசாயி வீட்டிலேயே, வாசலில் வைத்த தொட்டி ரோஜா பட்டுப்போவதைக் காணலாம். நாற்றுப் பண்ணையிலிருந்து மொட்டும் பூவுமாக வாங்கி வந்த செடி, மூன்றாம் மாதம் இலை பழுத்து, கிளை கருகி, ஒரு நாள் வேரோடு காய்ந்துவிடுகிறது. "நமக்குப் பூச்செடிக்குக் கைராசி இல்லை" என்று சொல்லி, காலித் தொட்டியைக் கொல்லையில் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். இதில் கைராசிக்கு வேலை இல்லை. தொட்டியில் உள்ள மண் வயல் மண்ணைப் போல நடந்துகொள்வதில்லை. அந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் தொட்டிச் செடி வளர்ப்பது கடினமான காரியம் அல்ல.

ஓர் ஏக்கருக்கும் குறைவாக நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தொட்டிச் செடி நல்ல துணைத் தொழில். சித்திரையில் கிணறு அடிமட்டத்துக்குப் போனால் வயலில் உள்ள பூப்பயிருக்குத் தண்ணீர் காட்ட முடியாது. ஓர் அடி அகலமுள்ள தொட்டிக்கு ஒரு முறைக்கு 2 லிட்டர் தண்ணீர் போதும். நூறு தொட்டிக்கு 200 லிட்டர். 15 லிட்டர் குடமானால் 13 அல்லது 14 குடம். இந்த அளவு தண்ணீர் பெரும்பாலான கிணறுகளில் கோடையிலும் கிடைக்கும். வீட்டுக்கு வேண்டிய பூவும் கிடைக்கும். பூத்த தொட்டிகளைப் பக்கத்து ஊரிலும் நகரத்திலும் விற்கவும் செய்யலாம். ஆனால் எடுத்த எடுப்பில் நூறு தொட்டி வைப்பது கூடாது. முதல் ஆண்டில் பத்துத் தொட்டியில் பழகிக்கொண்டு, பிறகு பெருக்குவதே அறிவுடைமை.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

வயலில் பாய்ச்சும் நீர் கீழே இறங்கிக்கொண்டே போகும். அடியில் உள்ள மண் அதை இழுத்துக்கொள்ளும். தொட்டியில் அப்படி இல்லை. நீர் அடிவரை இறங்கி, துளை வழியே கொஞ்சம் வடிந்து, பிறகு நின்றுவிடும். துளையிலிருந்து சொட்டுவது நின்ற பிறகும் அடிப்பகுதி மண் சொதசொதவென்றுதான் இருக்கும்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் நன்றாக நனைத்துப் படுக்கை வசத்தில் பிடித்தால், சிறிது நீர் சொட்டி நின்றுவிடும். அதையே நிமிர்த்தி நெடுக்காகப் பிடித்தால் மீண்டும் நீர் வடியும். அப்போதும் கீழ் ஓரம் ஈரமாகவே இருக்கும். தொட்டியும் இதைப் போன்றதே. உயரமான தொட்டியில் மேல்மண் நன்றாக வடியும். தட்டையான தொட்டியில் ஈரம் வேர் வரை நிற்கும். மண் களியாக இருந்தால் இந்த ஈர அடுக்கு மேலும் உயர்ந்து, தொட்டியில் பாதி வரை கூட வந்துவிடும்.

வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணின் சந்துகளில் எப்போதும் நீரே நின்றால் வேர் மூச்சு விட முடியாமல் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே ஈர மண்ணில் நிற்கும் செடியே வாடித் தொங்கும். வாட்டத்தைக் கண்டதும் தாகம் என்று எண்ணி, இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறார்கள். செடிக்கு அதுவே கடைசித் தண்ணீர் ஆகிவிடுகிறது. தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவை சாவது இப்படித்தான்.

நீர் வடியட்டும் என்று தொட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஜல்லியும் ஓட்டுச் சில்லும் போடும் பழக்கம் பலரிடம் உண்டு. இதனால் பயன் இல்லை. மேலே உள்ள மண் முழுவதும் நீர் ஊறி நிறைந்த பிறகே நீர் ஜல்லிக்குள் இறங்கும். ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு உள்ள இடம் குறைந்துபோகும். துளையை மண் அடைத்துவிடாதபடி, வளைந்த ஓட்டுச் சில்லு ஒன்றைத் துளையின் மேல் கவிழ்த்து வைத்தால் போதுமானது.

தொட்டி தேர்வு

ரோஜா, குண்டுமல்லி ஆகியவற்றுக்கு 30 செ.மீ., அதாவது ஓர் அடி அகலமும் அதே அளவு ஆழமும் உள்ள தொட்டி ஏற்றது. சாமந்தி, கனகாம்பரம் ஆகியவற்றுக்கு 20 முதல் 25 செ.மீ. போதும். சிறு செடியைப் பெரிய தொட்டியில் நடக் கூடாது. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கிக் கெடும்.

மண் தொட்டியின் சுவர் வழியாகவும் நீர் ஆவியாகும். அதனால் மண் குளிர்ச்சியாக இருக்கும், அழுகல் குறையும். புதுத் தொட்டியை ஒரு நாள் முழுவதும் நீரில் ஊற வைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும். இல்லையேல் செடிக்கு ஊற்றும் நீரைத் தொட்டியே குடித்துவிடும். பழைய தொட்டியை உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் கடும் வெயிலில் காய வைக்க வேண்டும்.

பிளாஸ்டிக் வாளி, பெயிண்ட் டப்பா, தடித்த பாலித்தீன் பை ஆகியவற்றையும் பயன்படுத்தலாம். அடியில் விரல் நுழையும் அளவில் நான்கைந்து துளை போட வேண்டும். சுவர் வழியே நீர் ஆவியாகாததால் இவற்றுக்கு நீர் குறைவாகவே தேவைப்படும். கறுப்பு நிறப் பையும் வாளியும் கோடை வெயிலில் சூடேறி வேரைச் சுட்டுவிடும். வெளிப்புறத்தில் சுண்ணாம்பு அடித்தாலோ, ஒன்றை ஒன்று மறைக்கும்படி நெருக்கி வைத்தாலோ சூடு தணியும். பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் வந்த டப்பாக்களை எவ்வளவு கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

தொட்டியை நேரே தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மீது வைக்க வேண்டும். துளை அடைபடாது, செடியின் வேர் தரைக்குள் இறங்காது.

மண் கலவை

வயல் களிமண்ணையோ ஏரி வண்டலையோ அப்படியே தொட்டியில் நிரப்புவதே முதல் தவறு. வயலுக்கு வளம் தரும் வண்டல், தொட்டியில் நாலு முறை நீர் ஊற்றியதும் இறுகிச் செங்கல் போல ஆகிவிடும்.

செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்துகொள்ள வேண்டும். ஆற்று மணல் எளிதில் கிடைக்காத இடங்களில் கல் உடைத்து ஆக்கிய எம்.சாண்ட் மணலைப் பயன்படுத்தலாம். அதை இரண்டு மூன்று முறை நீரில் அலசி, மாவு போன்ற தூளைப் போக்கிய பின்னரே கலக்க வேண்டும். கடல் மணல் உப்பு உள்ளது, அது ஆகாது.

ஓர் அடித் தொட்டி சுமார் 14 லிட்டர் கொள்ளும். மேலே 3 செ.மீ. இடம் விட்டு நிரப்பினால் 12 லிட்டர் கலவை போதும். பத்துத் தொட்டிக்கு 120 லிட்டர். 10 லிட்டர் வாளியால் அளந்தால் செம்மண் 6 வாளி, மணல் 3 வாளி, தொழு உரம் 3 வாளி. கலக்கும்போது சிறிது அமுங்கும் என்பதால் ஒரு வாளி கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. தொட்டிக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் 50 கிராம் எலும்புத் தூளும் சேர்க்க வேண்டும்.

தொழு உரம் மக்கியதா என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தே அறியலாம். சாண வாடை இல்லாமல், உதிரியாக, கறுத்த நிறத்தில் இருக்க வேண்டும். பச்சைச் சாணம் தொட்டிக்குள் சூடேறி வேரைக் கருக்கும். வெள்ளைப் புழுக்களையும் கொண்டு வரும். மாடியில் வைக்கும் தொட்டிகளுக்குப் பாரம் குறைய, மக்கிய தென்னை நார்க்கழிவைச் செம்மண்ணில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம். மக்காத நார்க்கழிவைச் சேர்த்தால் இலை வெளுத்துச் செடி தேங்கும்.

நூற்புழு உள்ள நிலத்து மண்ணைத் தவிர்க்க வேண்டும். கத்தரி, தக்காளி, வெண்டைச் செடிகளைப் பிடுங்கும்போது வேரில் முடிச்சு முடிச்சாகக் காணப்பட்டால் அந்த மண் ஆகாது. வேறு மண் இல்லையெனில், சித்திரை, வைகாசி வெயிலில் மண்ணை அரை அடி உயரத்துக்குப் பரப்பி, நீர் தெளித்து, நிறமற்ற பாலித்தீன் தாளால் ஓரங்களில் காற்றுப் புகாதபடி மூடி 4 முதல் 6 வாரம் வைத்தால், சூட்டில் நூற்புழுவும் களை விதையும் பெரும்பாலும் மடியும்.

நடும் முறை

ஓட்டுச் சில்லைத் துளை மீது வைத்து, தொட்டியில் பாதி வரை கலவையை நிரப்ப வேண்டும். பாலித்தீன் பைச் செடியானால் பையைக் கத்தியால் நெடுக்காகக் கிழித்து, மண் கட்டி உடையாமல் எடுக்க வேண்டும். வேர்கள் வட்டமாகச் சுற்றியிருந்தால் சுற்றிய வேரை மட்டும் விரலால் பிரித்துவிட வேண்டும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் தொட்டியிலும் இருக்கட்டும். தண்டை ஆழப் புதைத்தால் அடித்தண்டு அழுகும்.

கலவையைச் சுற்றிலும் இட்டுக் கட்டை விரலால் லேசாக அழுத்தினால் போதும், இடிக்கக் கூடாது. மேலே விட்ட 3 செ.மீ. இடத்தை வீணென்று எண்ணி மண்ணால் நிரப்பிவிடக் கூடாது. அந்த இடத்தை நீரால் ஒரு முறை நிரப்பினால் அதுவே ஏறக்குறைய 2 லிட்டர். வேறு அளவு பார்க்க வேண்டியதில்லை. நட்ட பின் ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு சிறிது சிறிதாக வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும்.

நீர் ஊற்றுதல்

"தினம் ஒரு தடவை" என்று கணக்கு வைப்பது சரியல்ல. விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் நுழைத்துப் பார்க்க வேண்டும். விரலில் ஈர மண் ஒட்டினால் அன்று நீர் வேண்டாம். உலர்ந்திருந்தால் நீர் ஊற்ற வேண்டும். மண் தொட்டியானால் விரல் முட்டியால் தட்டியும் பார்க்கலாம். காய்ந்த தொட்டி கணீரென ஒலிக்கும். ஈரத் தொட்டி மந்தமாக ஒலிக்கும். வேருக்கு நேர் அரைத் தொட்டி உயரத்தில் தட்டுவது நல்லது.

ஊற்றும்போது அடித் துளையில் நீர் வரும் வரை ஊற்ற வேண்டும். தினமும் கையளவு தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும். வேர் மேலாகவே படர்ந்து ஒரு நாள் வெயிலில் கருகும். கோடையில் நாள்தோறும், கடும் வெயிலில் காலை மாலை இரு வேளையும் தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் ஊற்ற வேண்டியிராது. பல நாள் காய்ந்து மண் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருந்தால், ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியே ஓடிவிடும். அப்போது தொட்டியை நீர் உள்ள தொட்டியில் அரை மணி நேரம் இறக்கி வைத்து ஊற வைக்க வேண்டும்.

கிணற்று நீர் உப்பானால் தொட்டியின் வெளிச்சுவரிலும் மண்ணின் மேலும் வெள்ளை பூக்கும். உப்பு வெளியேற வழியில்லாமல் தொட்டியில் சேர்ந்துகொண்டே போவதன் அடையாளம் அது. மாதம் ஒரு முறை மேல் இடத்தை மூன்று முறை தொடர்ந்து நீரால் நிரப்பி வடியவிட்டால் உப்பு கழுவப்படும். மழை நீரைச் சேர்த்து இதற்குப் பயன்படுத்தினால் மிக நன்று. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால், வடிந்த நீரை அதிலேயே விட்டுவைக்கக் கூடாது. வேர் அழுகுவதோடு, டெங்கு பரப்பும் கொசுவும் அதில் முட்டையிடும்.

உரம்

தொட்டியில் உள்ள கைப்பிடி மண்ணை நம்பியே செடி வாழ்கிறது. சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுப்பதே ஏற்ற முறை. கடலைப் பிண்ணாக்கு 100 கிராமை 1 லிட்டர் நீரில் 4 நாள் ஊற வைத்து, அதனுடன் 9 லிட்டர் நீர் சேர்த்தால் 10 லிட்டர் கரைசல் ஆகும். தொட்டிக்கு அரை லிட்டர் வீதம் 20 தொட்டிக்கு வரும். இதை 15 நாளுக்கு ஒரு முறை ஊற்றலாம். கலப்பு உரம் இடுவதானால் மாதம் ஒரு முறை, ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்கு மேல் வேண்டாம். தண்டை ஒட்டி இடாமல் தொட்டி ஓரமாக இட்டு நீர் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் எந்த உரமும் இடக் கூடாது. வாடிய செடிக்கும் புதிதாக நட்ட செடிக்கும் உரம் மருந்தாகாது, வேரைக் கெடுக்கும்.

இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் உப்பு நீரிலும் இது வரும். 1 லிட்டர் நீரில் 5 கிராம் பெரஸ் சல்பேட் கரைத்து மாலையில் இலை மீது தெளிக்க வேண்டும்.

செடிக்குச் செடி கவனிப்பு

ரோஜா: நாள் ஒன்றுக்கு 6 மணி நேர வெயிலாவது வேண்டும். ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்குக் கீழிருந்து வேகமாக எழும் தளிர் காட்டு ரோஜாத் தளிர். அதை விட்டால் ஒட்டுச் செடியை ஒடுக்கிவிடும். இலையில் உள்ள சிற்றிலைகளை எண்ணி இதைக் கண்டுகொள்ளலாம் என்பது நம்பத்தக்கதல்ல. தளிர் எங்கிருந்து புறப்படுகிறது என்று மண்ணை விலக்கிப் பார்த்து, அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும். சமவெளியில் அக்டோபர், நவம்பரில் கவாத்து செய்யலாம். நோயுற்ற, மெலிந்த, குறுக்கிடும் கிளைகளை நீக்கி, தடித்த நான்கைந்து கிளைகளைப் பாதி உயரத்துக்கு, வெளிப்புறம் நோக்கிய கணுவுக்கு மேலே சாய்வாக வெட்ட வேண்டும். சுமார் 45 நாளில் பூக்கத் தொடங்கும்.

குண்டுமல்லி: வெயில் எவ்வளவு உண்டோ அவ்வளவு பூ. இராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம் பகுதியில் வளர்க்கும் பதியன்கள் பெயர் பெற்றவை. நவம்பர் கடைசி வாரத்தில் ஒன்று முதல் ஒன்றரை அடி உயரம் விட்டுக் கவாத்து செய்து, இலைகளை உருவிவிட வேண்டும். நிழலில் வைத்தால் இலை கரும்பச்சையாகச் செழிக்கும், மொட்டு வராது.

சாமந்தி: ஜூன், ஜூலையில் வேர்விட்ட பக்கக் கன்றுகளை நட வேண்டும். நட்ட 4 வாரத்தில் குருத்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை பெருகித் தொட்டி நிறையும். சாமந்தி பகல் குறைந்து இரவு நீளும் பருவத்தில் மொட்டு விடும் பயிர். இரவில் தெருவிளக்கோ வாசல் விளக்கோ படும் இடத்தில் வைத்தால் மொட்டு தாமதமாகும். சில சமயம் வராமலே போகும். எல்லாத் தொட்டியும் பூத்து ஒரு வரிசை மட்டும் பூக்காமல் நின்றால், முதலில் விளக்கைப் பார்க்க வேண்டும்.

கனகாம்பரம்: அரை நிழலையும் தாங்கும். வீட்டின் கிழக்குத் தாழ்வாரம் போன்ற இடத்துக்கு ஏற்றது. டெல்லி கனகாம்பரம் விதையால் பெருகாது. குச்சி நட்டே பெருக்க வேண்டும். இதற்கு நூற்புழு பெரும் பகை. ஆகவே மண்ணை வெயிலில் மூடி வைக்கும் முறை இதற்கு மிகவும் அவசியம்.

பூச்சி, நோய்

தொட்டியில் நோயைத் தொடக்கத்திலேயே கண்டுவிடலாம். வாரம் ஒரு நாள் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும். மாவுப் பூச்சியைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கலாம். அசுவினி, இலைப்பேன் ஆகியவற்றுக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, 1 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊற வைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். சாம்பல் நோய்க்கும் செஞ்சிலந்திக்கும் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளிக்கலாம். கடும் வெயிலில் தெளிக்கக் கூடாது. வேப்பெண்ணெய் போன்ற எண்ணெய் மருந்து தெளித்திருந்தால் இரண்டு வாரம் கழித்தே கந்தகம் தெளிக்க வேண்டும். இல்லையேல் இலை கருகும். ரோஜாவில் கிளை நுனியிலிருந்து கறுத்துக் கீழிறங்கினால், கருப்புக்குக் கீழே 5 செ.மீ. நல்ல கிளையும் சேர்த்து வெட்டி, வெட்டு வாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசை தடவ வேண்டும். வெட்டியதை எரித்துவிட வேண்டும்.

தொட்டி மாற்றுதல்

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கவாத்துடன் சேர்த்து மண் மாற்ற வேண்டும். முதல் நாள் நீர் ஊற்றி, மறுநாள் இருவராகத் தொட்டியைச் சாய்த்து விளிம்பைத் தட்டினால் செடி மண் கட்டியோடு வரும். வெளிச்சுற்று வேரிலும் மண்ணிலும் மூன்றில் ஒரு பங்கை நீக்கி, புதுக் கலவையிட்டு நட்டு, ஒரு வாரம் நிழலில் வைக்க வேண்டும்.

விற்பனை

நட்ட மறுவாரமே தொட்டியை விற்பது பிழை. வேர் மண்ணைப் பிடிக்க ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். அதற்கு முன் வண்டியில் ஏற்றினால் மண் ஆடி, மெல்லிய வேர்கள் அறுந்து, வாங்கியவர் வீட்டில் செடி சாகும். சாமந்தியை மொட்டு நிறம் காட்டும்போது விற்க வேண்டும். முழுதும் மலர்ந்த பின் விற்றால் வாங்கியவருக்குச் சில நாளே பூ இருக்கும். விற்கும்போது விரல் வைத்துப் பார்த்து நீர் ஊற்றும் முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு வீட்டில் பிழைத்த செடி அந்தத் தெருவில் நாலு வீட்டுக்கு வழி காட்டும்; செத்த செடி அந்தத் தெருவையே அடைத்துவிடும்.

தொட்டி, கலவை, கன்று, உரம் ஆகிய செலவுகளையும் பட்டுப்போன தொட்டிகளையும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். வீட்டார் நீர் சுமக்கும் உழைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் அது பெண்களின் இடுப்பில் ஏறும் குடம். ஆகவே தொட்டிகளைக் கிணற்றடிக்கு அருகில் வைப்பதோ, ஒரு குழாய் இழுத்துவிடுவதோ முதல் செலவாக இருக்கட்டும். முதல் ஆண்டு பத்துத் தொட்டியில் எட்டாவது பிழைத்துப் பூத்தால், மறு ஆண்டு ஐம்பதுக்குப் போகலாம். அதற்குக் குறைந்தால் தொட்டியைப் பெருக்காமல், செத்த செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும். வேர் கறுத்து நாறினால் நீர் மிகுதி, காய்ந்து நொறுங்கினால் நீர்க் குறைவு, முடிச்சிருந்தால் நூற்புழு. நீர், உரம், பருவம், நோய் மருந்து பற்றிய ஐயங்களுக்கு அருகிலுள்ள தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிப் பயன் பெறலாம்.